விஷத்தில் மருந்து உண்டா?

சென்ற வாரம் எங்கள் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "ஸார், மனிதனையே கொல்லும் பாம்பு விஷம் நோய்க் கிருமியைக் கொல்லாதா?" என்று கேட்டான். மற்றப் பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உலகத்து ஆராய்ச்சிசாலைகள் பலவற்றில் கேட்கப்பட்டு வரும் கேள்வி அது.

கேள்வியில் அவசரமும் உண்டு. 1928-இல் அலெக்ஸாண்டர் பிளெமிங் பூசணத்திலிருந்து பெனிஸிலினைக் கண்டார். அதற்கும், பின் வந்த மருந்துகளுக்கும் கிருமிகள் ஒவ்வொன்றாக ஈடுகொடுக்கக் கற்றுவிட்டன. மருந்துக்கு மசியாத கிருமிகளால் 2019-ஆம் ஆண்டில் மாத்திரம் சுமார் 12 லக்ஷத்து 70 ஆயிரம் பேர் மாண்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஜலதோஷத்துக்குக்கூட நாமாகவே கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறோமே, அந்தப் புண்ணியத்தில் நமக்கும் பங்குண்டு.

விஷம் என்பது ஒரே வஸ்து அன்று. பற்பல புரதங்களின் கலவை. சில பாம்புகளின் விஷத்துக்கு மஞ்சள் நிறம் கொடுக்கும் புரதம் ஒன்று ஹைட்ரஜன் பெராக்ஸைடை உண்டாக்குகிறது. புண்ணில் விட்டால் நுரைத்துப் பொங்குமே, அதே சரக்குதான், கிருமிகளுக்குச் சத்துரு. தென்னமெரிக்கக் கிலுகிலுப்பைப் பாம்பின் விஷச் சுரப்பியில் அறியப்பட்ட 'குரோடாலிஸிடின்' இதனினும் விசித்திரமானது. 34 கண்ணிகள் கோத்த சிறு சங்கிலி அது. கிருமியின் மேலுறையைக் குலைத்து அதை மாய்க்கிறது. பின்பகுதியின் 20 கண்ணிகளை மாத்திரம் தனியே பிரித்துச் சோதித்தபோது, கிருமிகளைக் கொல்லும் சக்தி நின்றது. மனித உயிரணுக்களுக்குச் செய்யும் தீங்கோ குறைந்தது.

ஆயினும், பாம்பு விஷத்திலிருந்து பிறந்த கிருமிக்கொல்லி எதுவும் இன்னும் மருந்துக் கடைக்கு வந்து சேரவில்லை. விழுங்கினால் வயிறு அதை மற்றப் புரதம்போல ஜீரணித்துவிடும். ஊசியால் ஏற்றினாலோ இரத்த அணுக்களுக்குச் சேதம் நேரலாம். போதாக்குறைக்கு, விஷத்துக்குள்ளேயே சில கிருமிகள் சௌக்கியமாகக் குடியிருப்பதை 2022-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது!

இதனால் நம்பிக்கை இழக்க வேண்டுவதில்லை. பிரேஸில் தேசத்து ஜராராகா விரியன் கடித்தால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். அந்த விஷத்தை அந்நாட்டு விஞ்ஞானி ஸெர்ஜியோ பெரேரா 1960-களில் ஆராய்ந்தார். அவ்வழியே பிறந்த 'காப்டோபிரில்' என்னும் இரத்த அழுத்த மருந்து 1981-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. பாம்பும் பிரேஸிலுடையது, முதல் ஆராய்ச்சியும் பிரேஸிலுடையது. மருந்தைச் செய்து விற்றது ஓர் அமெரிக்கக் கம்பெனி. நம் நாட்டில் இத்தகைய ஆதாயத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டுமென்று 2002-ஆம் ஆண்டின் உயிரினப் பன்மைச் சட்டம் சொல்கிறது. சொன்னதைச் செய்விப்பதில்தான் நாம் கண்ணாக இருக்க வேண்டும்.

ஏனெனில் நம் விஷமும் அற்பமன்று. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் இருளர்கள் கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து விஷம் எடுத்து, சில வாரங்களில் மீண்டும் காட்டிலே விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடிக்கு மாற்றுமருந்து செய்வோருக்கு அவ்விஷம் போகிறது. முன்னே தோலுக்காகப் பாம்பைக் கொன்று வந்த கைகள் அவை. இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

பையன்களை ஒரு சனிக்கிழமை அங்கே அழைத்துச் செல்வதாக உத்தேசம். கேள்வி கேட்டவனுடைய தாயார்தான் இன்னும் சம்மதம் தரவில்லை.