எரிகல்லைக் காட்டிப் பிள்ளைகளை மறிக்க வேண்டாம்



இஷா முடிந்து பள்ளிவாசல் படியில் நின்ற நாங்களும் அதைப் பார்த்தோம். இரண்டு மூன்று செக்கன் பச்சை வெளிச்சம். எதிர் மலைத் தேயிலை பகல் மாதிரித் தெரிந்தது. சுப்ஹானல்லாஹ் என்று சொல்லிக்கொண்டோம். அவ்வளவுதான்.

வீடு போய்ச் சேருவதற்குள் குறூப் முழுக்க வொய்ஸ். பெரிய மனிதர் ஒருவர் மௌத்தாகப் போகிறாராம், மலை சரியப் போகிறதாம். மறுநாள் தரம் 7இல் பதினொரு பிள்ளைகள் வரவில்லை. லயத்துப் பிள்ளைகளும் இல்லை, டவுன் பிள்ளைகளும் இல்லை. பயப்படுவதில் மட்டும் நாம் நல்ல ஒற்றுமை!

முதலில் எங்கள் ஆட்களிடம் ஒன்று. நட்சத்திரம் எரிந்து விழுந்தால் பெரியவர் ஒருவர் பிறப்பார் அல்லது இறப்பார் என்பது ஜாஹிலிய்யாக் காலத்து நம்பிக்கை. யாருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் அது எறியப்படுவதில்லை என்று நபி (ஸல்) அவர்கள் திருத்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிமிலேயே இருக்கிறது. வொய்ஸ் அனுப்பிய ஹாஜியாருக்கு இது தெரியாதா?

விண்வெளியில் அலையும் கல், செக்கனுக்குப் பத்துக் கிலோமீற்றருக்கும் கூடிய வேகத்தில் காற்றுக்குள் புகுந்து மேலேயே எரிகிறது. இவ்வளவு வெளிச்சத்துக்குக் கைக்குள் அடங்கும் கல்லே போதும். 2013 பெப்ரவரியில் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க்கில் வெடித்ததோ ஏறக்குறைய 20 மீற்றர். அங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களில் அநேகர் காயப்பட்டது ஜன்னல் கண்ணாடி நொறுங்கித்தான்.

படித்தவர்களும் சும்மா இல்லை. 2012 டிசம்பரில் பொலன்னறுவையில் விழுந்ததாகச் சொன்ன கல்லில் வேற்றுலக உயிரின் தடயம் இருக்கிறது என்றார் பேராசிரியர் சந்திர விக்கிரமசிங்க. அது விண்கல்தானா என்றே மற்ற விஞ்ஞானிகள் கேட்டார்கள். அப்போது பயிற்சிக் கல்லூரியில் இருந்த நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஷெயார் பண்ணினோம்.

மலை சரியும் என்றா பயம்? 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தை லயங்களை மண் மூடியதற்கு எந்த நட்சத்திரமும் காரணமில்லை. அந்த இடம் ஆபத்து என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வருடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தது. சனம் அங்கேயேதான் இருந்தது, போக வேறு வீடு இல்லை. நிலம் வெடிப்பது, மரம் சாய்வது, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது, இவைதான் அடையாளம். பாடசாலை ரோட்டுக்கு மேல் மூன்று மாதமாக ஒரு வெடிப்பு இருக்கிறது. படம் எடுத்து இதே குறூப்பில் போட்டோம். இரண்டு லைக். இன்னும் பெரிதாகிக்கொண்டு இருக்கிறது. கிராம சேவகருக்கு எழுதும் கடிதத்தில் வெள்ளிக்கிழமைக்கு முன் கையெழுத்து வையுங்கள்.

டிசம்பர் 13, 14 இரவுகளில் ஜெமினிட் எரிகற்கள் நிறைய விழும். மூடுபனி விட்டால் பாடசாலை மைதானத்தில் பிள்ளைகளோடு படுத்துக்கொண்டு பார்க்கப்போகிறோம். பாயும் சுவெட்டரும் கொண்டு வாருங்கள். ஹாஜியாரும் வரலாம், ப்ளேன்டீ எங்கள் கணக்கில்.