ஸ்டென்ட் வைத்தாயிற்று, பிறகு?

மாரடைப்பைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தைப் பற்றித்தான். எவ்வளவு சீக்கிரம் ஈசிஜி எடுத்தார்கள், எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அடைப்பு எத்தனை சதவீதம், எத்தனை ஸ்டென்ட். இந்தக் கவலை நியாயமானதுதான். இந்தியாவின் 89 மருத்துவமனைகளில் 20,937 நோயாளிகளைப் பதிவுசெய்து, 2008இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ‘கிரியேட்’ ஆய்வில், பாதிப் பேருக்கு வலி தொடங்கி மருத்துவமனை வந்துசேரவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குப் பின் தமிழ்நாட்டில் மருத்துவர்கள் தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி ஆகியோர் சிறு மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸையும் ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடு ஒரே வலைப்பின்னலாக இணைத்துப் பார்த்தார்கள். 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வு 2017இல் வெளியானது. அதிலுள்ள இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். புதிய ஏற்பாடு வந்தபின் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் நூற்றுக்கு 5.6. ஓராண்டு முடிவில் இறந்திருந்தவர்கள் நூற்றுக்கு 14.2. அதாவது இறப்புகளில் பாதிக்கும் மேல், “கண்டம் தாண்டிவிட்டது” என்று உறவினர்கள் பெருமூச்சுவிட்டு நோயாளியை வீட்டுக்கு அழைத்துவந்த பிறகு நடந்தவை. மாரடைப்புக்கான சிகிச்சை டிஸ்சார்ஜ் அன்று முடிகிறது என்ற கணக்கை, முக்கியமாக அதற்குப் பணம் கொடுக்கும் காப்பீட்டுத் திட்டங்கள், மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் வாதம்.

இந்த எண்களை ஸ்டென்டுக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்பவர்கள் அவசரப்படுகிறார்கள். அதே ஆய்வில், புதிய ஏற்பாட்டுக்கு முன் ஓராண்டு இறப்பு 17.6 சதவீதமாக இருந்தது. அது 14.2 ஆகக் குறைந்த காலத்தில்தான் ஆஞ்சியோகிராம் செய்துகொண்டவர்கள் 35 சதவீதத்திலிருந்து 60.8 சதவீதமாகக் கூடினார்கள். ரத்தக்குழாய் முழுதாக அடைபட்டு இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்போது குழாயைத் திறப்பது உயிரைக் காக்கும். அதில் இரண்டாம் கருத்துக்கே இடமில்லை. மாரடைப்பு வராமல், மாடிப்படி ஏறினால் மட்டும் நெஞ்சு வலிக்கிறது என்று வருபவர்களின் கதை வேறு. 2007இல் வெளியான ‘கரேஜ்’ ஆய்வில் இத்தகைய 2,287 பேரும், 2020இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வில் 37 நாடுகளின் 5,179 பேரும் பங்கேற்றார்கள். மாத்திரைகளோடு ஸ்டென்டோ பைபாஸோ செய்துகொண்டவர்களுக்கும், மாத்திரையையும் பழக்கவழக்க மாற்றத்தையும் மட்டும் நம்பியவர்களுக்கும் இடையே ஆயுளில் வேறுபாடு தெரியவில்லை. வலி குறைந்தது, அது சின்ன விஷயமல்ல. ஆனால் உயிரிழப்பு குறையவில்லை. காரணம் நோயின் இயல்பிலேயே இருக்கிறது. ஸ்டென்ட் விரித்துப் பிடிப்பது குழாயில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தை. கொழுப்புப் படிவோ இதயத்தின் மற்ற ரத்தக்குழாய்களிலும் பரவிக் கிடக்கிறது. ஆஞ்சியோவில் “பாதிகூட அடைப்பு இல்லை” என்று விட்டுவைத்த இடத்தில் படிவின் மேலுறை கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்துதான் பல நேரங்களில் அடுத்த மாரடைப்பு வருகிறது. புகையிலை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, தொப்பை, மன அழுத்தம் உள்ளிட்ட ஒன்பது காரணிகள் சேர்ந்தால் முதல் மாரடைப்புகளில் ஏறத்தாழ 90 சதவீதத்தை விளக்கிவிட முடியும் என்று 52 நாடுகளில் நடந்த ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வு 2004இல் சொன்னது. இந்தக் காரணிகளில் ஒன்றைக்கூட ஸ்டென்ட் தொடுவதில்லை.

தொடுபவை மாத்திரைகள். மாரடைப்புக்குப் பின் வீடு திரும்புபவரின் கையில் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒரு பை நிறைய மாத்திரை அட்டைகளும் இருக்கும். சம்மரி முழுக்க ஆங்கிலத்தில். நோயாளிக்குப் புரிவது ஓரத்தில் எழுதியிருக்கும் 1-0-1, 0-0-1 மட்டும்தான். எந்த மாத்திரை எதற்கு, எதை எத்தனை நாள், எதை ஒருபோதும் தானாக நிறுத்தக் கூடாது என்பது அதில் அவருக்கு எட்டும் மொழியில் இல்லை. இதன் விலை என்ன என்பதற்கு க்ளோபிடோக்ரெல் ஒன்றே போதும். இன்றைய ஸ்டென்ட்களின் மேல் பூசியிருக்கும் மருந்து, குழாய் மீண்டும் அடைபடாமலிருக்க உள்தோல் வளர்ச்சியைத் தடுக்கிறது. அதனாலேயே உலோகக் கம்பிகளை உள்தோல் மூடவும் தாமதமாகிறது. மூடாத உலோகத்தில் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுக்கத்தான் ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெல் போன்ற இன்னொரு மாத்திரையையும் சேர்த்து, மாரடைப்புக்குப் பின் பொதுவாக ஓராண்டு வரை தருகிறார்கள். பல் பிடுங்க வேண்டும் என்றோ, வயிறு எரிகிறது என்றோ, அட்டை தீர்ந்து சம்பளம் வரக் காத்திருந்தோ இரண்டையும் ஆரம்ப மாதங்களில் நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம். அப்படி நேரும்போது அது மறுபடியும் முழு மாரடைப்பாகவே இருக்கும். அதில் பிழைக்காதவர்கள் பலர். 2011இல் வெளியான ‘ப்யூர்’ ஆய்வு 17 நாடுகளில் ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களை ஊர் ஊராகத் தேடிப்போய்க் கேட்டது. இந்தியா இடம்பெற்ற ஏழை நாடுகளின் தொகுதியில் 80 சதவீதம் பேர், நிரூபணமான மருந்துகளில் ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. கெட்ட கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் எடுத்தவர்கள் 3.3 சதவீதம். பணக்கார நாடுகளில் அது 66.5 சதவீதம். பத்தாண்டுகளுக்கும் முந்தைய எண்கள் இவை, இன்று நிலைமை மேம்பட்டிருக்கலாம். ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளி தானாக மூடிக்கொள்ளாது.

மாத்திரைக்கு அடுத்தது நடமாட்டம். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் அசையாமல் படுக்கவைப்பதே ஒருகாலத்தில் உலகமெங்கும் சிகிச்சையாக இருந்தது. காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய்ப் பலர் இறந்தார்கள். அதையும் இதயத்தின் கணக்கிலேயே எழுதினார்கள். பாஸ்டனில் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லௌனும் 81 நோயாளிகளைக் கட்டிலிலிருந்து இறக்கிச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, 1952இல் அதன் விளைவைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதற்கே அன்று பலத்த எதிர்ப்பு. நம் வீடுகளில் அந்த 1952க்கு முந்தைய மருத்துவம் இன்னமும் உயிரோடு இருக்கிறது. “இனி எதையும் தூக்காதே, படியேறாதே, வேலையை விட்டுவிடு” என்று அன்பின் பெயரால் ஐம்பது வயதுக்காரரை ஈஸிசேரில் முடக்குகிறார்கள். இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த நடு வயது 53. இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்துக் குடும்பத்தைத் தாங்க வேண்டியவர்கள் அவர்கள். படிப்படியாகக் கூட்டும் நடைப்பயிற்சி, உணவு ஆலோசனை, மனச்சோர்வைக் கவனித்தல் எல்லாம் சேர்ந்த இதய மறுவாழ்வுச் சிகிச்சை பற்றி 85 ஆய்வுகளையும் 23,430 நோயாளிகளையும் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2021இல் மதிப்பிட்டது. இதய நோயால் இறப்பதும், மறுபடி மாரடைப்பு வருவதும், மீண்டும் ஆஸ்பத்திரியில் சேர்வதும் குறைகின்றன என்பது அதன் முடிவு. நம் நாட்டில் இத்தகைய மையங்கள் பெரும்பாலும் பெருநகரங்களின் பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கின்றன.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதை மழுப்பக் கூடாது. பிரிட்டனில் 14 மருத்துவமனைகளில் 1,813 பேரை வைத்து நடத்திய ‘ராமிட்’ ஆய்வு, மறுவாழ்வுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இறப்பில் வித்தியாசமே இல்லை என்று 2012இல் சொன்னது. நம் நாட்டிலேயே 24 மையங்களில் 3,959 நோயாளிகளிடம் நடந்த ‘யோகா-கேர்’ ஆய்வும் பெரிய வெற்றியை அறிவிக்கவில்லை. பன்னிரண்டு வாரங்களில் 13 யோகா வகுப்புகள் கிடைத்தவர்களில் 6.7 சதவீதத்தினருக்கும், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 7.4 சதவீதத்தினருக்கும் இறப்போ, மாரடைப்போ, பக்கவாதமோ, அவசர அனுமதியோ நேர்ந்தது. இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். பத்து வகுப்புகளுக்காவது வந்தவர்களுக்குப் பலன் கூடுதல் என்பதைப் பிடித்துக்கொண்டு கொண்டாடியவர்களுக்கு ஒரு வார்த்தை: தவறாமல் வகுப்புக்கு வரக்கூடியவர் முதலிலேயே ஓரளவு திடமானவராக, வீட்டில் ஆதரவு உள்ளவராக இருப்பார். அதை யோகாவின் கணக்கில் எழுத முடியாது. ஆயினும் ஆய்வில் உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. வகுப்புக்குப் போனவர்கள் தங்கள் உடல்நிலையை மேலானதாக உணர்ந்தார்கள், பழைய வேலைகளுக்குக் கூடுதலாகத் திரும்பினார்கள். தினக்கூலிக்குப் போகும் ஒருவருக்கு வேலைக்குத் திரும்புவதைவிடப் பெரிய மருத்துவப் பலன் எது? ராமிட் போன்ற ஆய்வுகளில் இரு தரப்புக்கும் மற்ற கவனிப்பு ஓரளவு சமமாகவே கிடைத்திருக்கும். அதற்கு மேல் உடற்பயிற்சி எவ்வளவு சேர்க்கிறது என்பதே அங்கே கேள்வி. எண்பது சதவீதம் பேர் மாத்திரையே எடுக்காமல் இருந்த இடத்தில் நாம் கேட்க வேண்டியது வேறு கேள்வி: யாராவது ஒருவர் நோயாளியைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

அதற்கும் பதில் இருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த டெனிஸ் சேவியர் தலைமையில் இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 806 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் ஒரு தரப்பினரை மருத்துவமனையிலும் வீட்டிலும் சில முறை சந்தித்து, மாத்திரை அட்டையைப் பார்த்து, புகையிலை பற்றியும் நடை பற்றியும் பேசினார்கள். ஓராண்டு முடிவில் அந்தத் தரப்பில் புகையிலையை விட்டவர்கள் 85 சதவீதம், மற்றவர்களில் 52 சதவீதம். மாத்திரையை ஒழுங்காக எடுத்தவர்களும் கூடுதல், ரத்த அழுத்தமும் குறைவு. “மாத்திரை சாப்பிடுவதும் பீடியை விடுவதும் அவரவர் பொறுப்பு, அதற்கு அரசா ஆள் போட வேண்டும்?” என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான விடை கிடையாது. பொறுப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். யாராவது வந்து கேட்ட வீட்டில் அது நிறைவேறியது. ஐரோப்பாவில் நடந்த ‘செக்யூர்’ ஆய்வு இதையே வேறு வழியில் காட்டியது. ஆஸ்பிரின், ராமிப்ரில், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் ஒரே மாத்திரையாக்கித் தந்தபோது, மூன்று ஆண்டுகளில் இதயச் சிக்கல்கள் 12.7 சதவீதத்திலிருந்து 9.5 சதவீதமாகக் குறைந்தன. எளிமையாக்கியதற்கே இவ்வளவு பலன்.

பணத்துக்கு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. மருந்து பூசிய ஸ்டென்டுக்கு மத்திய அரசு 2017இல் விலை வரம்பு வைத்தபோது அது ரூ.29,600. அதற்கு முன் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றார்கள். விலையை அடக்கக் காட்டிய அந்த உறுதி ஆண்டு முழுவதற்குமான ஆஸ்பிரினுக்கும் ஸ்டாட்டினுக்கும் தேவைப்படாது, அவை அரசு மருந்தகத்திலேயே கிடைக்கின்றன. ஆட்களும் இருக்கிறார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. 2023இல் வந்த இதயம் காப்போம் திட்டம் முதல் மணி நேரத்துக்கான அவசர மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்திருக்கிறது. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களைத் தனிப் பெயர்ப் பட்டியலாக்கி, டிஸ்சார்ஜ் ஆன வாரத்திலேயே அந்தந்த ஊர்ப் பணியாளரிடம் ஒப்படைப்பதும், மாத்திரை விவரத்தைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பதும் நிர்வாக வேலைதான். மையம் இல்லாத ஊரில் ஆறு நிமிட நடைச் சோதனையும் நாடித்துடிப்புப் பார்த்து நடையைக் கூட்டுவதும் சமதளமான ஒரு தாழ்வாரத்திலேயே நடக்கக்கூடியவை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பின்தொடர் சிகிச்சை என்ற பிரிவு ஏற்கெனவே உண்டு. மாரடைப்பைப் பொறுத்தவரை அதை இன்னும் ஒரு படி இறுக்கலாம். ஆஞ்சியோபிளாஸ்டிக்கான தொகையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, ஆறாம் மாதத்தில் நோயாளி வந்து பார்த்தாரா, ஸ்டாட்டினும் ஆஸ்பிரினும் எடுக்கிறாரா, ரத்த அழுத்தம் எவ்வளவு, புகையிலையை விட்டாரா என்ற நான்கு விவரங்கள் பதிவான பிறகே விடுவிப்பது. மருத்துவமனைகள் இதற்கு ஒப்பாது என்பார்கள். தொலைவிலிருந்து வரும் ஏழை நோயாளியைத் தவிர்க்கப் பார்ப்பார்கள், காகிதத்தில் மட்டும் பதிவு செய்வார்கள் என்ற அச்சத்துக்கும் காரணம் இருக்கிறது. அதனால்தான் அந்த விவரங்களை மருத்துவமனை பதிவு செய்யக் கூடாது. வீட்டுக்குப் போகும் பணியாளர் பதிவு செய்ய வேண்டும், நிறுத்திவைத்த தொகையும் நோயாளி பிழைத்ததற்கோ இறந்ததற்கோ கட்டுப்படாமல், அவரைத் தேடித் தொடர்ந்ததற்கு மட்டுமே கட்டுப்பட வேண்டும். இரண்டு மாவட்டங்களில் ஓராண்டு நடத்தி, இறப்பு எண்ணிக்கையை மற்ற மாவட்டங்களோடு ஒப்பிட்டு வெளியிட்டால், இது வீண்செலவா இல்லையா என்பது தெரிந்துவிடும்.