கடல் கடந்து வரும் காய்கள்

நம் விடுதியில் சில வாரங்களாக ஒரு வழக்கு நடந்துவருகிறது. ஜப்பானிய மாஜாங் பெட்டி ஒன்றைக் கடல் கடந்து வரவழைக்க வேண்டும் என்கின்றனர் ஒரு சாரார். ‘தமிழ் மாணவர் மன்றத்துக்கும் மாஜாங்குக்கும் என்ன உறவு?’ என்கின்றனர் மறு சாரார். வாங்க வேண்டும் என்னும் கட்சியைச் சேர்ந்தவன் நான். ஆயினும் எதை வாங்குவது, எவர் பணத்தில் வாங்குவது, எப்படி வாங்குவது என்பவற்றில் என் கட்சியினரோடும் எனக்கு மாறுபாடு உண்டு. இரு சாராருக்கும் சொல்ல வேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு மயக்கத்தைப் போக்க வேண்டும். கணிப்பொறித் திரையில் ஒத்த காய்களை இரண்டிரண்டாக நீக்கும் தனியாள் ஆட்டத்தையே பலர் மாஜாங் என்று எண்ணியிருக்கின்றனர். அஃது அன்று நான் சொல்வது. உண்மையான மாஜாங் நால்வர் கூடி ஆடுவது. சீனத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருப்பெற்றது. ஜப்பானிய நாவலாசிரியர் நட்சுமே சோசெகி, மஞ்சூரியாவில் தாம் கண்ட அவ்வாட்டத்தைப் பற்றி 1909இல் தம் பயணக் கட்டுரையில் எழுதினார். 1929இல் ஜப்பானிய மாஜாங் கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவராக அமர்ந்தவரும் ஓர் எழுத்தாளரே. கிக்குச்சி கான் என்பது அவர் பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியர் அவ்வாட்டத்தில் தமக்கே உரிய விதிகளைச் சேர்த்தனர். அதுவே இன்று ‘ரீச்சி மாஜாங்’ என்று வழங்குகிறது.

ஆட்டத்தின் அமைப்பு எளிது. காய்கள் முப்பத்துநான்கு வகை, வகைக்கு நான்கு, ஆக 136. எழுத்து, வட்டம், மூங்கில் என மூன்று இனங்களில் ஒன்று முதல் ஒன்பது வரை. அவற்றோடு நான்கு திசைக் காற்றுகளும், வெள்ளை, பச்சை, சிவப்பு என்னும் மூன்று காய்களும். நால்வரும் தத்தம் முன்னே பதினேழு காய் நீளம், இரண்டு காய் உயரம் என மதில் எழுப்புவர். ஒவ்வொருவர் கையிலும் பதின்மூன்று காய்கள். முறை வரும்போது ஒன்றை எடுத்து ஒன்றைக் கழிக்க வேண்டும். மூன்று மூன்றாக நான்கு கூட்டமும் ஓர் இணையும் அமைந்தால் வெற்றி. நம் வீடுகளில் ரம்மி ஆடியவர்களுக்கு இது விளங்காத புதிர் அன்று.

நான் இவ்வாட்டத்தை விரும்பக் காரணம் அதன் விதிகளில் உள்ள அறம். கழித்த காயை நடுவே வீசி எறிந்து மறைத்துவிட முடியாது. வரிசைக்கு ஆறாகத் தம் முன்னே அடுக்கி வைக்க வேண்டும். யார் எதை வேண்டாமென்றார் என்பது கடைசி வரை எல்லார் கண்ணிலும் இருக்கும். வெற்றிக்காகக் காத்திருக்கும் காய்களில் ஒன்றைத் தாமே முன்பு கழித்திருந்தால், அடுத்தவர் கழிக்கும் காயைக்கொண்டு வெல்ல முடியாது. தாமே மதிலிலிருந்து எடுத்தால்தான் உண்டு. ‘இன்னும் ஒரு காய்தான் வேண்டும்’ என்பதை ‘ரீச்சி’ என்று அறிவித்து, ஆயிரம் புள்ளிக் குச்சியை மேசையில் வைத்துவிட்டால், அதன்பின் கையை மாற்றிக்கொள்ள இயலாது. செய்ததை மறைக்காதே, சொன்னதை மாற்றாதே என்று எத்தனை அறநூல்கள் நமக்குச் சொல்லியிருக்கின்றன! இங்கே அது விளையாட்டின் விதியாகவே இருக்கிறது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். ‘மாஜாங் என்பது சூது’ என்பது முதல் மறுப்பு. வள்ளுவர் சூதுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதைப் படித்த நாம் இம்மறுப்பை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஜப்பானிலும் இக்கறை இல்லாமல் இல்லை. அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 185ஆம் பிரிவு சூதாட்டத்தைக் குற்றம் என்கிறது. ஆயினும் பணம் வைத்து மாஜாங் ஆடும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக உண்டு. 2020 மே மாதத்தில், தோக்கியோ உயர் வழக்குத்தொடுப்பு அலுவலகத்தின் தலைவரே செய்தியாளர்களோடு பணம் வைத்து மாஜாங் ஆடியது வெளிப்பட்டுப் பதவி விலக நேர்ந்தது. சட்டத்தைக் காக்க வேண்டியவரையே அது சறுக்கியது!

ஆனால் அதே நாட்டில் அதற்கு மருந்தும் பிறந்தது. ‘பணம் வைக்காதே, குடிக்காதே, புகைக்காதே’ என்னும் மூன்று கட்டுப்பாடுகளோடு முதியோர் கூடி ஆடும் ‘நலவாழ்வு மாஜாங்’ அங்கே பரவியிருக்கிறது. 2018இல் தொடங்கிய எம் லீக் என்னும் தொழில்முறைப் போட்டி, தன் ஆட்டக்காரர்கள் சூதாட்டத்தை அடியோடு விலக்க வேண்டும் என்று விதித்தது. ஆகவே, குற்றம் காயில் இல்லை. காயின் அருகே வைக்கும் காசில் இருக்கிறது. நம் மேசையில் ஒரு காசும் வைக்கக் கூடாது. ‘தேநீர்க் காசு மட்டும்’ என்றும் வேண்டாம். சிறு காசில் தொடங்காத சூது உலகில் எது?

‘கைப்பேசியில் காசில்லாமல் ஆடலாமே, பெட்டி எதற்கு?’ என்பது இரண்டாம் மறுப்பு. இதுவே வலிய மறுப்பு. ஆம், ஆடலாம், நானும் அப்படித்தான் கற்றேன். ஆயினும் கைப்பேசியில் காயைக் கலைப்பதும் இயந்திரமே. கணக்குப் பார்ப்பதும் இயந்திரமே. தவறு செய்ய விடாமல் தடுப்பதும் இயந்திரமே. மேசையில் அப்படி இல்லை. கிழக்கு இருக்கைக்காரர் அல்லாத ஒருவர், பிறர் கழித்த காயால் வெல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முப்பது ‘ஃபூ’ உள்ள கைக்கு ஒரு ‘ஹான்’ என்றால் 1,000 புள்ளி, இரண்டென்றால் 2,000, மூன்றென்றால் 3,900, நான்கென்றால் 7,700. இதை வென்றவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்ற மூவரும் சரிபார்க்க வேண்டும். தோற்றவர் தம் கையாலேயே குச்சிகளை எண்ணித் தர வேண்டும். அங்கே நடுவர் இல்லை. நால்வரும் நடுவர்கள். ஏமாற்ற இயலாத இடத்தில் ஏமாற்றாதிருப்பது பெருமையா? ஏமாற்ற இடமிருந்தும் ஏமாற்றாதவனே நேர்மையாளன். அந்தப் பழக்கத்துக்குத்தான் பெட்டி வேண்டும் என்கிறேன்.

மற்றொன்றும் உண்டு. மார்கழி, தை மாதத் தில்லிக் குளிரில் விடுதியின் தாழ்வாரத்தில் நடந்து பாருங்கள். கதவுகள் எல்லாம் அடைத்துக் கிடக்கும். உள்ளே ஒவ்வொருவரும் தத்தம் கைப்பேசியோடு தனித்திருப்பர். ஜப்பானியர் குளிர்காலத்தில் கொத்தாத்சு என்னும் கணப்பு மேசையைச் சுற்றிக் கால்நீட்டி அமர்வர். அதன் மேற்பலகையைத் திருப்பிப் போட்டால், பலவற்றில் அடிப்புறம் பச்சைக் கம்பளித்துணி ஒட்டியிருக்கும். மாஜாங் ஆடுவதற்கென்றே ஒட்டியது! நமக்குக் கணப்பு மேசை வேண்டாம். பொது அறை மேசையும் அதன்மேல் விரிக்க ஒரு போர்வையும் போதும். நான்காவது ஆளைத் தேடியாவது அடுத்த அறைக் கதவைத் தட்டுவோம். அங்கே இருப்பவர் வங்காளியோ, நாகரோ, மலையாளியோ யாராயினும் ஆகுக! தமிழரைத் தவிர வேறெவரும் படியேறாத மன்றம் என்னும் பெயர் நமக்கு நல்லதன்று.

‘அயல்நாட்டு ஆட்டம் நமக்கு ஏன்? தாயமும் பல்லாங்குழியும் இல்லையா?’ என்பது மூன்றாம் மறுப்பு. அவையும் இருக்கட்டும், மாஜாங் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு பல்லாங்குழியும் சோழியும் இருக்கட்டும் என்பது என் வேண்டுகோள். ஆனால் ஆட்டங்களுக்கு எல்லைச்சுவர் இல்லை. இந்தியச் சதுரங்கம் உலகைச் சுற்றியது. ஜப்பானியரின் ஷோகியும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. சீனரிடமிருந்து மாஜாங்கைப் பெற்ற ஜப்பானியர் அதைத் தமதாக்கிக்கொண்டனர். கொடுத்தும் கொண்டும் வளர்ந்த உலகில் நாம் மட்டும் கதவடைப்பானேன்?

இனி என் கட்சியினருக்குச் சில சொற்கள். இந்நகரக் கடைகளில் நான் தேடிப் பார்த்தேன். கண்ணில் பட்டவை பெரிய காய்கள். மூலையில் எண் பொறித்தவை. கணக்குக் குச்சிகள் இல்லாதவை. சீன முறைக்கும் பிற முறைகளுக்கும் அவை பொருந்தும். ஜப்பானியக் காய் சிறியது. பெரும்பாலும் 26 முதல் 28 மில்லிமீட்டர் உயரம். பெரும்பாலான பெட்டிகளில் 136 காய்களோடு, சிவப்பு மையிட்ட ஐந்தாம் எண் காய்களும், நான்கு பூக்காய்களும் இருக்கும். 10,000, 5,000, 1,000, 100 என மதிப்புள்ள குச்சிகளும் இருக்கும். முதல் வகையில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு, நான்காவதில் பத்து என்று எடுத்துக்கொண்டால், ஆட்டத் தொடக்கத்தில் ஒருவர்க்கு உரிய 25,000 புள்ளி கணக்காய் வந்துவிடும். வாங்குமுன் கேட்டறிய வேண்டியவை இவைதாம். ஜப்பானிய முறைக் காய்களைச் சீனத் தொழிற்சாலைகளும் செய்கின்றன. ஆதலால் பெட்டியின்மேல் எந்நாட்டுப் பெயர் என்பதைவிட, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதே முக்கியம்.

அழகுக்காக விலையை ஏற்றாதீர். ஜப்பானில் சில ஆயிரம் யென்னுக்கும் பெட்டி உண்டு. பல பத்தாயிரம் யென்னுக்கும் உண்டு. மாணவர்க்கு முன்னது போதும். பழைய பெட்டி மலிவு என்று மயங்கவும் வேண்டாம். ஒரு காயின் முதுகில் கீறல் விழுந்திருந்தால் போதும். கவிழ்ந்து கிடந்தாலும் அஃது இன்ன காய் என்று எல்லார்க்கும் தெரிந்துவிடும். பிறகு ஆட்டம் ஏது?

பெட்டி கனமானது; அனுப்பும் கூலி மிகுதி. சுங்கவரி கணக்கிடும்போது பொதுவாகப் பொருளின் விலையோடு அனுப்பும் கூலியையும் காப்பீட்டையும் சேர்த்தே மதிப்பிடுவர். ஆகவே, கடையில் காணும் விலையை நம்பிப் பணம் திரட்டக் கூடாது. ‘பரிசு என்று எழுதி விலையைக் குறைத்துப் போடச் சொன்னால் வரி குறையுமே’ என்று நண்பர் ஒருவர் வழி காட்டினார். வேண்டாம், நண்பரே! நால்வர் நேர்மையாக உட்கார்வதற்கென்று வாங்கும் பெட்டி, நெற்றியில் பொய்யை ஒட்டிக்கொண்டா நம் வாயிலுக்கு வருவது? உரிய வரியைக் கட்டியே வாங்குவோம். இயலாவிடில் இன்னும் ஓராண்டு காத்திருப்போம்.

பணம் எங்கிருந்து? மன்ற நிதியிலிருந்து ஒரு காசும் எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அது நூல் வாங்கவும் விழா எடுக்கவும் எல்லா உறுப்பினரும் தந்தது. ஆடாதவர் பணத்தில் ஆடுபவர் மகிழ்வது முறையன்று. விருப்பமுள்ளோர் இருபது பேர் கூடிப் பங்கு போடுவோம். வாங்கியபின் அதைப் பங்கு போட்டவர்க்கே உரியதென்று பூட்டி வைக்க வேண்டா. பொது அறையில் வைப்போம். பங்கு தராதவரும் ஆடலாம். ஒவ்வோர் இரவும் ஆட்டம் முடிந்தபின் காய்களை எண்ணி வைப்பது மட்டும் ஆடிய நால்வரின் கடமை. ஒன்று குறைந்தாலும் மற்ற 135ம் வீண்.

வாங்குவதும் வாங்காததும் உங்கள் கையில். வாங்கினால், கேட்ட கணக்கைத் தயங்காமல் காட்டக் கூடிய முறையில் வாங்குவோம். காசு வைக்காமல் ஆடுவோம். வென்றால் உள்ளதைச் சொல்வோம். தோற்றால் எண்ணிக் கொடுப்போம். அத்தகைய மேசை ஒன்று நம் விடுதிக்கு வருமானால், அதைக் கடல் கடந்து வரவழைத்த செலவு வீண் செலவு ஆகாது.