மலை ஏற ஆசையா? முதலில் காலைக் கேளுங்கள்!

1953-ஆம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி. அதிகாலை நேரம்.

எவரெஸ்ட் சிகரத்துக்குக் கீழே, ஏறக்குறைய 27,900 அடி உயரத்தில் ஒரு சிறு கூடாரம். உள்ளே டென்சிங்கும் ஹில்லாரியும் இருந்தார்கள். டென்சிங் பூட்ஸைக் கழற்றாமலே படுத்திருந்தார். ஹில்லாரி கழற்றி வைத்துவிட்டார். எழுந்து பார்த்தால், ஹில்லாரியின் பூட்ஸ் உறைந்து இரும்பு போல் கிடந்தது!

உலகத்திலேயே உயரமான சிகரம் தலைக்கு மேலே நிற்கிறது. ஏற வந்தவரோ அடுப்பைப் பற்ற வைத்து, பூட்ஸைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். அது இளகுவதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகே இருவரும் கிளம்பினார்கள். வெற்றியும் பெற்றார்கள்.

மலை ஏற மன உறுதி வேண்டும். ஆனால் அந்த மன உறுதியைச் சுமந்து செல்வது கால். காலைக் காப்பது பூட்ஸ்.

இன்று தமிழ்நாட்டிலும் மலை நடைக்குப் போகும் ஆசை வளர்ந்திருக்கிறது. 2024-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசே 40 பாதைகளில் மலை நடைத் திட்டத்தைத் தொடங்கியது. இது நல்ல காரியம். உடலுக்கும் நல்லது, மனதுக்கும் நல்லது.

ஆனால், முதல் தடவை தோல் பூட்ஸ் வாங்கப் போகிறவர் என்ன செய்கிறார்? விலையைக் கேட்கிறார். கம்பெனிப் பெயரைப் பார்க்கிறார். கண்ணாடி முன் நின்று அழகு பார்க்கிறார். கால் என்ன சொல்கிறது என்று மட்டும் கேட்பதில்லை!

இது தவறு. பூட்ஸ் காலுக்குப் பொருந்த வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இறங்கும்போது தெரியும்

மலை ஏறும்போது பொருந்தாத பூட்ஸ் அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது. இறங்கும்போதுதான் வேதனை தொடங்கும்.

சரிவில் உடம்பின் பாரம் முழுவதும் பாதத்தை முன்னே தள்ளும். பூட்ஸ் சிறியதாக இருந்தால், விரல்கள் அடிக்கு அடி முன்பக்கம் மோதும். நகம் கறுத்துப்போகும். பூட்ஸ் பெரியதாக இருந்தால், குதிகால் உள்ளே வழுக்கி வழுக்கி உராயும். கொப்புளம் கிளம்பும்.

ஒருவர் நொண்டினால் கூட வந்த அத்தனை பேரும் நிற்க வேண்டும். காட்டுப் பாதையில் பொழுது சாயும். குழந்தைகள் பயப்படுவார்கள். ஆகவே பூட்ஸ் என்பது ஒருவருடைய சொந்த விஷயம் மட்டுமல்ல. கூட வருகிறவர்களின் பத்திரமும் அதில் இருக்கிறது.

எண் போதுமா?

"எனக்கு 8-ம் நம்பர்" என்று சொல்லி வாங்கிவிடுகிறவர்கள் பலர். அந்த எண் நீளத்தைத்தான் சொல்கிறது. ஆங்கில முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஐரோப்பிய முறையில் அது வேறு. அகலத்தை யார் பார்ப்பது?

சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து பார்த்தது. மேல்நாட்டாரின் பாதத்தைவிட இந்தியர் பாதம் பொதுவாக அகலமானது என்று தெரிந்தது.

மேல்நாட்டு அளவில் தைத்த பூட்ஸ் பக்கவாட்டில் நெருக்கும். நெருக்குகிறதே என்று ஒரு நம்பர் பெரியதாக வாங்குவார்கள். அப்போது நீளம் கூடிப்போகும்; குதிகால் வழுக்கும். நீளத்தைக் கூட்டுவது பரிகாரம் அல்ல. அகலமான மாதிரியைக் கேட்டு வாங்குவதே பரிகாரம்.

"செருப்புக்காகக் காலை வெட்டுவதா?" என்பார்கள் பெரியவர்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் வெளிநாட்டார் காலுக்கெல்லாம் தோல் ஜோடு தைத்து அனுப்புகின்றன. உள்ளூர்க் காலின் அகலமும் அங்கே கணக்கில் வர வேண்டாமா?

வாங்குவது எப்படி?

மாலையில் கடைக்குப் போங்கள். பகலெல்லாம் நடந்த கால், மாலையில் சற்றுப் பருத்திருக்கும். மலையிலும் அப்படித்தான் பருக்கும்.

மலைக்குப் போட்டுக்கொள்ளும் தடித்த காலுறையையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு கால்களையும் நின்றபடி அளக்கச் சொல்லுங்கள். எந்தக் கால் பெரியதோ, அதற்குத்தான் பூட்ஸ்.

கயிற்றைக் கட்டாமல் காலை முன்னே தள்ளுங்கள். விரல் நுனி முன்பக்கத்தைத் தொடட்டும். அப்போது குதிகாலுக்குப் பின்னே ஒரு கைவிரல் நுழைய இடம் இருக்க வேண்டும். பிறகு குதிகாலைப் பின்னே தட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டி நடந்து பாருங்கள். குதிகால் தூக்கக் கூடாது. மாடிப்படியில் இறங்குங்கள். விரல் மோதக் கூடாது.

"தோல்தானே, போடப் போடச் சரியாகிவிடும்" என்பார் கடைக்காரர். அது பாதி உண்மை. தோல் அகலத்தில் சிறிது விட்டுக்கொடுக்கும். நீளத்தில் விட்டுக்கொடுக்காது!

அடிப்பாகத்தையும் பாருங்கள். 1935-ஆம் ஆண்டில் இத்தாலியின் மலைகளில் ஆறு பேர் மாண்டார்கள். அவர்கள் அணிந்திருந்த காலணி அந்தக் குளிருக்கு ஏற்றதாக இல்லை. அவர்களுடைய நண்பர் விட்டாலே பிரமானி அந்தத் துயரத்தை மறக்கவில்லை. 1937-இல், ஆழமாகப் பள்ளம் வெட்டிய ரப்பர் அடிப்பாகத்தைச் செய்தார். பாறையில் பிடிப்புக் கொடுக்கும் அந்தப் பள்ளங்கள், உங்கள் பூட்ஸிலும் இருக்கின்றனவா என்று திருப்பிப் பாருங்கள்.

கடைக்காரர்களும் ஒன்று செய்யலாம். கடை மூலையில் ஒரு சாய்வுப் பலகை போட்டு வையுங்கள். செலவு கொஞ்சம், வாடிக்கைக்காரரின் வாழ்த்து அதிகம்.

வீட்டில் பழகுங்கள்

புது பூட்ஸோடு மலைக்குப் போகாதீர்கள். சில வாரம் வீட்டிலும் தெருவிலும் போட்டுப் பழகுங்கள். நனைந்தால் அடுப்பருகே வைக்காதீர்கள். ஹில்லாரிக்கு வேறு வழி இல்லை, உங்களுக்கு இருக்கிறது. உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் காய வையுங்கள். சூடு பட்டால் தோல் வெடிக்கும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். கொப்புளம் வந்தாலும் தெரியாது. அவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே கிளம்ப வேண்டும்.

"நம் முன்னோர் வெறுங்காலோடு ஏறவில்லையா?" என்று கேட்கலாம். ஏறினார்கள். பிள்ளைப் பருவம் முதல் மண்ணிலும் கல்லிலும் நடந்து உரமேறிய கால் அது. நாற்காலியில் உட்கார்ந்து பழகிய கால், ஒரே நாளில் அந்தக் காலாகிவிடுமா?

"வளருகிற பிள்ளைதானே" என்று பெரிய பூட்ஸ் வாங்கிக் கொடுக்கும் பெற்றோரும் யோசிக்க வேண்டும். அடுத்த ஆண்டுக் காலுக்கு வாங்கிய பூட்ஸ், இந்த ஆண்டுக் காலைப் புண்ணாக்கும். பொருத்தமானது கிடைக்காவிட்டால், பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். மலை எங்கும் போய்விடாது.