ஒட்டகத்தின் விலையைக் கொடுத்தவர் யார்?

முஸைனா கூட்டத்தார் ஒருவரின் ஒட்டகத்தை ஹாத்திப் வீட்டு அடிமைகள் திருடி அறுத்துவிட்டனர். வழக்கு கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் வந்தது. முதலில் கையை வெட்டவே ஆணையிட்டார்கள். பின்பு, எஜமானரே அவர்களைப் பட்டினி போடுகிறார் எனக் கருதி, 400 திர்ஹம் பெறுமான ஒட்டகத்துக்கு 800 திர்ஹம் அவரையே கொடுக்கச் செய்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் பதிந்த செய்தி இது.

திருட்டு ஹராம், அதில் ஐயமில்லை. ஆயினும் கடனாலும் பசியாலும் மனம் கலங்கிய ஒருவர் நம் மஹல்லாவில் பிறர் பொருளில் கை வைத்துப் பிடிபட்டால், அவரை ஜமாஅத்தை விட்டு ஒதுக்க விரைகிறோம். அவருடைய கூலியை மாதக்கணக்கில் நிறுத்திவைத்த முதலாளியோ முதல் ஸஃப்பில் நிற்கிறார். அவரிடம் எவரும் கேட்பதில்லை. ஃபிக்ஹுப் பாடம் நடத்தும் நானும் கேட்டதில்லை.