கேத்தலில் கலந்த சீனி

நல்ல தீர்மானங்கள் எடுத்தால்தான் வாழ்க்கை சிறக்கும் என்று மாணவிகளாகிய எமக்கு அடிக்கடி சொல்லப்படுகிறது. சொல்பவர்கள் மனதில் இருப்பவை பெரும்பாலும் பெரிய தீர்மானங்கள்தான். உயர்தரத்தில் எந்தத் துறை, எந்தப் பல்கலைக்கழகம், எப்போது திருமணம். இவை வாழ்நாளில் ஓரிரு தடவை வருபவை. வாப்பா, உம்மா, மாமா, மாமி என்று பத்துப் பேர் கூடிப் பேசித்தான் முடிவாகும். நான் எழுத விரும்புவது, எவரும் கூடிப் பேசாமலே ஒரு நாளைக்கு நான்கு தடவை முடிவாகிவிடும் ஒரு விடயத்தைப் பற்றி. தேநீருக்கு எத்தனை கரண்டி சீனி?

சிரிக்காமல் கணக்கைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 4 கிராம். கோப்பைக்கு இரண்டரைக் கரண்டி, நாளைக்கு 4 கோப்பை என்றால் 40 கிராம். வருடத்துக்கு பதினான்கரைக் கிலோவைத் தாண்டுகிறது. ஐந்து பேர் உள்ள வீட்டில் 73 கிலோ, அதாவது 50 கிலோ மூடை ஒன்றும் இன்னொன்றில் ஏறக்குறையப் பாதியும். பணிஸ், பிஸ்கட், வட்டிலாப்பம், பெருநாள் பலகாரம் எதையும் இதில் நான் சேர்க்கவில்லை. உணவிலும் பானத்திலும் சேர்க்கப்படும் சீனியை நாளாந்த சக்தித் தேவையின் 10 வீதத்துக்குள் வைத்துக்கொள்ளுமாறும், 5 வீதத்துக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது. வளர்ந்த ஒருவருக்கு அந்த 5 வீதம் சுமார் 25 கிராம், ஆறு தேக்கரண்டி. மூன்றாவது கோப்பை முடியும் முன்பே நாம் அதைக் கடந்துவிடுகிறோம்.

எமது நாட்டில் 2016 ஆகஸ்ட் முதல் குளிர்பானப் போத்தல்களில் நிற அடையாளம் இடப்படுகிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, இடைப்பட்டது மஞ்சள். நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டுக் கோப்பைக்கு யார் நிறம் இடுவது? வந்தவர்களுக்கென்று அலுமாரியிலிருந்து எடுக்கும் அந்தச் சின்னக் கோப்பையை நான் அளந்து பார்த்தேன். 100 மில்லிலீற்றர்தான் கொள்கிறது. அதற்குள் மூன்று கரண்டி போடுகிறோம். 12 கிராம். கடையில் விற்றிருந்தால் சிவப்பு வட்டம் ஒட்டியிருப்பார்கள்!

விருந்தாளிக்குத்தான் கூடுதலாகப் போடுகிறோம் என்பது கவனிக்க வேண்டிய விடயம். இனிப்புக் குறைந்தால் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அன்பைக் கரண்டியால் அளக்கும் இந்தப் பழக்கம் எப்படி வந்ததோ தெரியாது. வந்தவர் சீனி வருத்தக்காரராக இருந்தாலும், நாம் கொடுத்ததைக் குடிக்காமல் வைக்க வெட்கப்பட்டுக் குடித்துவிட்டுப் போகிறார்.

எனது உம்மம்மாவும் அப்படிக் குடித்தவர்தான். அவருடைய வலது காலின் பெருவிரலை எடுத்து மூன்று வருடங்களாகின்றன. செருப்புக் கடித்த சிறு காயம் ஆறவே இல்லை. நீரிழிவுக்குச் சீனி மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. பரம்பரை, உடற்பருமன், நடக்காமல் இருப்பது, தட்டு நிறையச் சோறு என்று பல உண்டு. பரம்பரையை நம்மால் மாற்ற முடியாது. கரண்டியை மாற்றலாம்.

எனது கருத்து இதுதான். கேத்தலிலேயே சீனியைக் கலந்து கொண்டு வந்தால் குடிப்பவருக்குத் தெரிவு என்று ஒன்று இல்லை. அவருக்காக வேறொருவர் குசினியில் முடிவெடுத்துவிட்டார். அந்த வேறொருவர் யார்? அநேகமான வீடுகளில் நாம்தான், பெண்பிள்ளைகள். "உங்களுக்குச் சீனி கூடாது வாப்பா" என்று ஆயிரம் தடவை சொல்வதைவிட, சீனியைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, பக்கத்தில் ஒரு சின்னக் கரண்டியையும் வைப்பது எனக்கு மேலாகத் தெரிகிறது. புத்திமதி கேட்டவர் கோபிப்பார். கிண்ணத்தைக் கண்டவர் கையை நீட்டும்போது ஒரு கணம் யோசிப்பார். பெற்றோர்களும் பிள்ளைகள் விடயத்தில் இதைச் செய்து பார்க்கலாம். எங்களுக்கும் புத்திமதி கேட்டுக் களைத்துவிட்டது.

உருசி இருக்காதே என்பீர்கள். 2022இல் சாமான் விலை ஏறியபோது எங்கள் வீட்டில் உம்மா சொல்லாமல் கொள்ளாமல் சீனியைப் பாதியாகக் குறைத்தார். முதல் வாரம் முணுமுணுப்பு. ஒரு மாதம் போனபின் வெளியில் எங்காவது குடித்தால் "என்ன இது, பாணி மாதிரி" என்று வாப்பாவே சொன்னார். நாக்கு நாம் பழக்கும் பக்கம் போகிறது. ஒரேயடியாக நிறுத்தத் தேவையில்லை. இந்த மாதம் அரைக் கரண்டி, அடுத்த மாதம் இன்னொரு அரை.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குத் தேநீர் ஏற்பாடு எமது வகுப்பின் பொறுப்பு. கேத்தலில் சீனி கலக்காமல், மேசையில் தனியாக வைக்க அனுமதி கேட்டிருக்கிறோம். "வாறவங்க என்ன நினைப்பாங்க மகள்?" என்று ஓர் ஆசிரியை கேட்டார். பதில் இன்னும் வரவில்லை. இதை வாசிக்கும் பெற்றோர் சிலராவது, நாங்கள் ஒன்றும் நினைக்கமாட்டோம் என்று ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொன்னால் எமக்கு உதவியாக இருக்கும்.