கணிப்பொறியின் கோளாறும் வீட்டு மின்சாரமும்

வீட்டுக் கணிப்பொறி பழுதுற்றால் முதலில் பழிக்கப்படுவது அதன் மென்பொருளே. இயங்கிக்கொண்டிருக்கையில் தானே அணைந்து மீண்டும் எழும் பொறியைப் பழுது பார்க்க வருபவர், வட்டிலுள்ளதை அழித்து அனைத்தையும் புதிதாக நிறுவுகிறார். அதனால் பயன் இல்லையெனில் நினைவகத் தகட்டை மாற்றுகிறார். அதுவும் உதவாவிடின் தாய்ப்பலகையே கெட்டுவிட்டதெனத் தீர்ப்புக் கூறுகிறார். இத்தனைக்கும் இடையில் மல்டிமீட்டரைக் கையில் எடுப்போர் மிகச் சிலரே. நாடி பாராமலே மருந்தை மாற்றிக்கொண்டிருக்கும் வைத்தியரை எவரும் பொறுத்துக்கொள்வதில்லை. கணிப்பொறி விஷயத்தில் மட்டும் அப்பொறுமை எங்கிருந்து வருகிறதோ!

பொறி எந்த வேளையில் அணைகிறது என்பதே முதற் சான்று. விளக்கேற்றும் மாலை வேளையில் மட்டும், அல்லது நீரேற்றும் மோட்டார் ஓடத் தொடங்கும்போது மட்டும் அணையுமானால், வெளியிலிருந்து வரும் மின்சாரத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும். வேளை எதுவாயினும், பொறி கடின வேலை செய்யும்போதெல்லாம் அணையுமானால், எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கு பெட்டியை நோக்க வேண்டும். 1995-ல் வகுக்கப்பட்ட ஏ.டி.எக்ஸ். முறைப்படி அப்பெட்டி 12, 5, 3.3 வோல்ட்டு மின்னழுத்தங்களை அளிக்கிறது. இவை 5 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. அதாவது 12 வோல்ட்டுக் கம்பியில் 11.4-க்குக் குறைந்தால் அது குறையே. பொறி சும்மா இருக்கையில் அளந்து பயனில்லை. பளு ஏறியிருக்கும்போது அளக்க வேண்டும். ஆயினும் பெட்டியின் மூடியைத் திறத்தல் ஆகாது. உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் 325 வோல்ட்டும் அதற்கு மேலும் மின்னழுத்தம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் அது சிறிது நேரம் நிலைத்திருக்கலாம்.

மின்தடையின்போது இன்வெர்ட்டர் இருந்தும் பொறி அணைகிறது என்பது மற்றொரு புகார். மின்வழங்கு பெட்டி தன் சேமிப்பைக் கொண்டு தாக்குப்பிடிப்பது, ஒரு நொடியின் 1000-ல் ஏறத்தாழ 16 பங்கு காலமே. பல இன்வெர்ட்டர்களில் யூ.பி.எஸ். நிலை என்றும் சாதாரண நிலை என்றும் மாற்றத்தக்க சிறு சுவிட்சு உண்டு. சாதாரண நிலையில் அது மின்விசிறிக்குப் போதிய வேகத்திலேயே மாறும். கணிப்பொறிக்கு அவ்வேகம் போதாது. அச்சுவிட்சைத் தள்ளியதும் மறைந்துபோகும் தாய்ப்பலகைக் கோளாறுகளும் உண்டு.

மின்னழுத்தம் குறைவு என்றதும் ஸ்டெபிலைசர் வாங்குவது நம் நாட்டு வழக்கம். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் வீட்டு மின்னழுத்தத்துக்கு 6 சதவீத ஏற்ற இறக்கமே அனுமதித்தன. மின்மாற்றிக்குத் தொலைவில், கம்பியின் கோடியில் உள்ள வீடுகள் அவ்வெல்லைக்குள் நின்றதில்லை. ஆகவே அக்காலத்தில் ஸ்டெபிலைசர் அவசியமாயிற்று. இன்றோ, மின்வழங்கு பெட்டிகள் பலவற்றின் மேல் 100 முதல் 240 வோல்ட்டு வரை எனப் பொறிக்கப்பட்டிருக்கிறது. அத்தகைய பெட்டிக்குக் குறைந்த மின்னழுத்தத்தின் பொருட்டு ஸ்டெபிலைசர் வாங்குவது வீண் செலவு. அப்பணத்தை எர்த்துக் கம்பிக்குச் செலவிடலாம்.

எர்த்தின்பால் காட்டப்படும் அலட்சியமே யாவற்றினும் பெரிய தீங்கு. பெட்டியின் உலோக உடலைத் தொட்டால் விரல் கூசுகிறது; டெஸ்டரை வைத்தால் விளக்கு எரிகிறது. உடனே பெட்டியில் கசிவு எனக் கூறி அதனை மாற்றுகின்றனர். புதுப் பெட்டியும் அவ்வாறே கூசுகிறது. காரணம் எளிது. உள்வரும் மின்சாரத்தின் இரைச்சலை வடிக்க, பேஸ், நியூட்ரல் ஆகிய இரு கம்பிகளிலிருந்தும் உலோக உடலுக்கு ஒவ்வொரு சிறு மின்தேக்கி இணைக்கப்பட்டுள்ளது. எர்த்து இல்லாதபோது உடல் இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 115 வோல்ட்டில் நிற்கிறது. பாயும் மின்னோட்டம் மிகச் சிறிதாதலின் கூச்சத்தோடு நிற்கிறது. ஆனால் ஒரு நாள் உள்ளே காப்பு பழுதுபட்டுப் பேஸ் கம்பி உடலைத் தொடுமாயின், பியூசை உருக்க வழியின்றி முழு 230 வோல்ட்டும் அவ்வுடலிலேயே நிற்கும். மேசைக்கடியில் காலை நீட்டி அமரும் குழந்தை தொடுவது அதனையே. பிளக்கின் மூன்றாம் முனையை ஒடித்து இருமுனைச் சாக்கெட்டில் செருகுவோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

பரிசோதனை கடினமானதன்று, எனினும் அதனைத் தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டே செய்வித்தல் நன்று. பேசுக்கும் எர்த்துக்கும் இடையே, பேசுக்கும் நியூட்ரலுக்கும் உள்ள அளவே ஏறத்தாழக் காணவேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுகளே இருக்கலாம். அது பத்து, இருபது என ஏறுமாயின் எர்த்து கெட்டிருக்கலாம், அல்லது நியூட்ரல் இணைப்பு தளர்ந்திருக்கலாம். தெருக் கம்பத்தில் நியூட்ரல் அறவே அறுந்துவிட்டால், மும்முனை மின்சாரத்தில் பளு குறைந்த வீட்டின் மின்னழுத்தம் 400 வோல்ட்டை நோக்கி ஏறும். சாதாரண ஸ்டெபிலைசர் அதனைத் தாங்காது. ஒரு வீட்டு விளக்குகள் அளவுக்கு மீறி ஒளிர, அடுத்த வீட்டு விளக்குகள் மங்கினால், மெயின் சுவிட்சை அணைத்து மின் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கம்பத்து இணைப்புச் சீராகும்வரை கணிப்பொறியின் பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து எடுத்தே வைக்க வேண்டும்.